பீட்ரூட் ரத்தம், புளியங்கொட்டை, மூன்று சாவி

"யக்கா, எனக்குத் தொடையில வேணாம், நெத்தியில போடுங்க. அப்பத்தான் போட்டோவுல தெரியும்!"

அங்கன்வாடித் திண்ணையில் பையன்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒரு காயம். செவிலியர் கல்லூரி மாணவி ஒருத்தி தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தட்டில் பிசைந்த மைதா, வாசலின், குங்குமம், அடுப்புக்கரி, ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு. மைதாவை நீளமாகத் திரித்து நெற்றியில் ஒட்டுகிறாள். ஓரங்களை வாசலின் தொட்டு வழித்துத் தோலோடு தோலாகச் சேர்க்கிறாள். நடுவில் ஐஸ் குச்சியால் ஒரு கீறல், கீறலுக்குள் கரியும் குங்குமமும். கடைசியாகப் பீட்ரூட் சாற்றில் நனைத்த பஞ்சைப் பிழிந்தாள் பாருங்கள், அது கன்னம் வரைக்கும் வழிந்து இறங்க, பக்கத்தில் நின்ற சின்னப் பெண் "ஐயய்யோ" என்று கண்ணைப் பொத்திக்கொண்டாள். நானும்தான்!

"இது தகர ஷீட் பறந்து வந்து வெட்டினது. நாளைக்கு நீ வலியில கத்தணும். சிரிச்சே, அப்புறம் நெசமாவே வெட்டிருவேன்," என்கிறாள் மாணவி. பையன் அப்போதே சிரிக்கிறான்.

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கரையோரத்தில் ஒரு மீனவர் ஊர். நாளைக் காலை இங்கே புயல் ஒத்திகை. அதிகாரிகள் வருவார்கள், விசில் பறக்கும், ஸ்ட்ரெச்சர் ஓடும், மறுநாள் பேப்பரில் படம் வரும். அந்தப் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனக்குப் பார்க்க ஆசை முந்தின நாளைத்தான். கல்யாணத்தைவிடக் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி வீட்டில் இருக்கிற கலகலப்பு ஒரு படி மேல் இல்லையா? இந்த ஊரே இன்று அப்படித்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ எதையோ கட்டுகிறார்கள், எண்ணுகிறார்கள், கத்துகிறார்கள்.

இந்தக் கரையில் இவ்வளவு சிரிப்பைக் கேட்பது எனக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் சுனாமியில் இறந்தார்கள். அதில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். இன்று நெற்றியில் காயம் கேட்டு அடம்பிடிக்கும் பையன்களில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுடைய அம்மாக்கள் சிலர் இன்றைக்கும் கடல் இரைகிற இரவுகளில் தூங்குவதில்லை. அந்த அம்மாக்களும் இந்தப் பிள்ளைகளும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து புயலைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள் என்றால், எனக்குத் துள்ளத்தான் தோன்றுகிறது.

கோயில் முன்னால் போனால் இன்னும் பெரிய கொண்டாட்டம். மகளிர் குழுப் பெண்கள் மணலில் தங்கள் ஊரையே வரைந்துகொண்டிருக்கிறார்கள்! கோலப்பொடியில் தெருக்கள். செங்கல் பொடியில் தார்ச்சாலை. நீலக் கலர்ப்பொடியில் கிழக்கே கடல், வடக்கே வாய்க்கால். வேப்பங்கொத்து நட்டால் மரம். தீப்பெட்டி வைத்தால் மாடி வீடு, சிரட்டையைக் கவிழ்த்தால் கூரை வீடு. தாழ்வான தெரு எது என்று கேட்டால் ஒரு பெண் யோசிக்காமல் இரண்டு தெருக்களுக்கு மேல் நீலப் பொடியைத் தூவுகிறாள். எல்லா மழைக்கும் முதலில் தண்ணீர் நிற்பது அங்கேதானாம். வரைபடம் போட வந்த பயிற்சியாளருக்கு வேலையே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்.

அதற்கப்புறம் வந்தது புளியங்கொட்டை. தனியாக நடந்து வெளியேற முடியாத வயசாளி ஒருவருக்கு ஒரு கொட்டை. கர்ப்பிணிக்கு ஒரு மஞ்சள் துண்டு. மாற்றுத்திறனாளிக்கு ஒரு சோழி. வீடு வீடாகப் பேர் சொல்லி வைத்துக்கொண்டே வருகிறார்கள். ஒரு சிரட்டையின் மேல் கொட்டை விழுந்ததும் கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் ஆயா எழுந்து வந்தார்.

"எனக்கு ஏண்டி கொட்டை? தெனம் மீன் கூடையைத் தலையில வச்சுக்கிட்டு மார்க்கெட்டுக்கு நடக்குறேன். நீ நடப்பியா?"

கொட்டையை எடுத்து வீசிவிட்டார். ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ராத்திரியில ஆயாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுல்ல..."

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. கொட்டையைத் திரும்ப வைக்கலாமா, வேண்டாமா என்று பெரிய விவாதம். கடைசியில் பத்தாவது படிக்கும் ஒரு பெண் குனிந்து, புளியங்கொட்டையில் அடுப்புக்கரியைத் தேய்த்து அந்தச் சிரட்டை மேல் வைத்தாள். கரி தடவிய கொட்டை என்றால் ராத்திரியில் மட்டும் ஆள் வேண்டும் என்று அர்த்தம். ஆயாவும் தலையாட்டிவிட்டார்! அப்புறம் என்ன, இன்னும் நாலைந்து வீடுகளில் கரிக்கொட்டைகள் முளைத்தன. எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு குறியீடு, என் கண்ணெதிரே, மணலில் பிறந்தது.

ஒவ்வொரு கொட்டைக்கும் இரண்டு பேர் பொறுப்பு. யார் என்று நோட்டில் எழுதுகிறார்கள். முதலில் எல்லாப் பேரும் வாலிபர்கள் பேராகவே வந்தது. "அன்னிக்கு இவனுங்க கடல்ல இருந்தா?" என்று ஒரு குரல். உடனே பாதிப் பேரை அடித்துவிட்டுப் பெண்கள் பேரை எழுதினார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே முந்தின நாள் வந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது எனக்கு. தூக்கிச் செல்ல ஆண்பிள்ளை, அழைத்துச் செல்லப் பெண்பிள்ளை என்ற பிரிவினை எல்லாம் கடலுக்குப் போகிற ஊரில் செல்லாது.

இந்த வாலிபர்கள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்த மித்ரா என்று ஒரு திட்டம் இருக்கிறது, பேரிடர் நண்பன். 2016-ல் நாடு முழுக்க 30 மாவட்டங்களில் 6,000 தன்னார்வலர்களோடு தொடங்கியது. அப்புறம் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என்று விரிந்தது. 18 முதல் 40 வயதுக்காரர்கள். 12 நாள் பயிற்சி. முடித்தவர்களுக்கு லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், டார்ச், கயிறு, முதலுதவிப் பெட்டி எல்லாம் அடங்கிய ஒரு பை. தமிழ்நாட்டில் இதுபோக ஊருக்கு ஊர் முதல்நிலைப் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள், மாநிலம் முழுக்க 40,000 பேருக்கு மேல். மாடு கன்றுகளைக் காப்பாற்ற என்று தனி ஆட்கள், விழுந்த மரத்தை அறுத்து வழிவிட என்று தனி ஆட்கள். கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் நள்ளிரவு தாண்டிக் கரையேறியபோது டெல்டாவே மரங்களுக்கு அடியில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, ரம்பத்தோடு நிற்கும் ஓர் உள்ளூர் இளைஞனின் மதிப்பு தெரியும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது படையணி அரக்கோணத்தில் இருக்கிறது. அருமையான படை. ஆனால் அரக்கோணத்திலிருந்து நாகைக்கு 300 கிலோமீட்டர் அளவில் சாலை. முதல் ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் படை.

சரி, கடற்கரைக்குப் போவோம். அங்கே முடிச்சு வகுப்பு.

பயிற்சியாளர் தீயணைப்புத் துறையிலிருந்து வந்தவர். கயிற்றை எடுத்து, ஆளை இடுப்பில் கட்டி இழுத்தாலும் இறுகாத ஒரு சுருக்கை நிதானமாகப் போட்டுக்காட்டினார். முன் வரிசையில் இருந்த ஒரு தம்பி கயிற்றைக் கையில் வாங்கினான், கண் மூடித் திறப்பதற்குள் அதையே ஒற்றைக் கையால் போட்டு நீட்டினான். படகு கட்டுகிற பிள்ளை! பயிற்சியாளர் அசந்துபோய், "தம்பி, நீ இங்க வா, நீ சொல்லிக்குடு," என்று தள்ளி நின்றுகொண்டார். அந்த நிமிடத்திலிருந்து வகுப்பின் நிறமே மாறிவிட்டது. எல்லோரும் மாணவர்கள், எல்லோரும் வாத்தியார்கள்.

ஆனால் அதே தம்பிக்குக் கஷ்டமாக இருந்த பாடம் ஒன்றும் உண்டு. தண்ணீரில் ஒருவர் தத்தளித்தால் என்ன செய்வாய்? "குதிப்பேன்!" என்றான். வேண்டாம் என்கிறார் பயிற்சியாளர். முதலில் கம்பு நீட்டு. எட்டவில்லையா, கயிறோ மிதவையோ எறி. அதுவும் முடியாவிட்டால் படகில் போ. நீந்திப் போவது எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் மிதவையோடு. மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து அழுத்துவார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவார். கடலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் குதிக்காமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது. காலி தண்ணீர் கேன் இரண்டை வலைக்கயிற்றில் கட்டி, கையில் கொடுத்து, எறியச் சொன்னார். பத்து தடவை எறிந்தபின் அதுவே போட்டியாகிவிட்டது. கடைசியில் கேன் போய் விழுந்த தூரத்தைப் பார்த்து நான் கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது.

அடுத்தது கைநாற்காலி. ஸ்ட்ரெச்சர் இல்லாத இடத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைத் தூக்குகிற முறை. நீங்களும் இப்போதே வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுச் செய்து பார்க்கலாம். எதிரெதிரே நின்று, உங்கள் வலது கையால் உங்கள் இடது மணிக்கட்டைப் பிடியுங்கள். இடது கையால் எதிரில் இருப்பவரின் வலது மணிக்கட்டைப் பிடியுங்கள். அவரும் அப்படியே. நாலு கையும் பூட்டிக்கொண்டு சதுரமாக ஓர் இருக்கை வந்துவிடும்! உட்காருகிறவர் இருவர் தோளிலும் கை போட்டுக்கொள்ள வேண்டும். நினைவு இருக்கிறவருக்கு மட்டும்தான் இது. மயங்கியவருக்கும் முதுகில் அடிபட்டவருக்கும் கூடாது. சொல்லி முடிப்பதற்குள் ஊர்ப் பொடிசுகள் எல்லாம் "என்னைத் தூக்கு, என்னைத் தூக்கு" என்று வரிசையில் வந்துவிட்டன. தூக்கித் தூக்கியே பயிற்சி பழுத்துவிட்டது.

மார்பை அழுத்தி உயிர் மீட்கும் பயிற்சிக்கு ஒரு ரப்பர் பொம்மை வந்திருந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. கணக்கு எல்லோருக்கும் தெரிகிறது, வேகம்தான் பிடிபடவில்லை. ஒருத்தி மெதுவாக அழுத்துகிறாள், ஒருவன் துவைக்கிறான். பறை வாசிக்கிற பையன் ஒருவன் ஓடிப்போய்ப் பறையை எடுத்துவந்து சீராக ஓர் அடி அடித்தான். பயிற்சியாளர் கடிகாரம் பார்த்தார், 110! அப்புறம் அந்த அடிக்கு எல்லோரும் அழுத்தினார்கள். கடற்கரை மணலில் பறைச் சத்தத்துக்கு ஓர் ஊரே இதயம் இயக்கப் படிக்கிறது. சிலிர்த்துப்போனேன்.

மாலையில் பெரியவர்களுக்கான வகுப்பு. ஊராட்சி அலுவலகத்தில் ஒரே மேசையைச் சுற்றி ஊராட்சித் தலைவரம்மா, கிராம நிர்வாக அலுவலர், அங்கன்வாடி டீச்சர், மீனவப் பஞ்சாயத்தின் நாட்டார். தேர்தலில் வந்த தலைமையும் வழிவழியாக வந்த தலைமையும் பக்கத்துப் பக்கத்தில். இந்தக் கரையில் நாட்டார் சொன்னால்தான் படகு இறங்கும், படகு நிற்கும். அரசாணை தலைவரம்மாவுக்கு வரும். புயல் நேரத்தில் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லாவிட்டால் ஊர் இரண்டாக நிற்கும். ஆகவே பயிற்சியே இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைப்பதுதான்.

பயிற்சியாளர் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாகத் திருப்புவார், பதில் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே நாங்கள் எல்லோரும் எக்கி எக்கிப் பார்க்கிறோம்.

முதல் அட்டை: மதியம் 2 மணி, துறைமுகத்தில் 3-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு, நம் படகுகள் எத்தனை கடலில்? நாட்டார் அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. எந்தப் படகு எந்தத் திசையில், எப்போது திரும்பும், யாரிடம் வயர்லெஸ் இருக்கிறது என்று மளமளவென்று சொன்னார். தலைவரம்மா எழுதிக்கொண்டார்.

இரண்டாவது: மாலை 6 மணி, கரண்ட் போய்விட்டது, கோயில் மைக் பேசாது. டிஎன்-அலெர்ட் செயலியில் செய்தி வருமே என்றார் அலுவலர். டவரும் போச்சு என்றார் பயிற்சியாளர். பேட்டரி மைக் இருக்கா? இருக்கு, சார்ஜ் இல்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து பறைப் பையன், "நான் அடிக்கிறேன்!" என்றான். எழுதியாயிற்று.

மூன்றாவது அட்டை: பாதுகாப்பு மையம் பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம்?

"வாட்ச்மேன்கிட்ட."

"அவர் எங்க?"

"பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காரு."

மேசையில் ஒருவரும் பேசவில்லை. நூற்றுக்கணக்கான பேர் தங்கக்கூடிய, உயரத் தூண்களில் நிற்கிற கான்கிரீட் கட்டடம். ஒரே ஒரு சாவி, அதுவும் வெளியூரில்!

பயிற்சியாளர் அப்போதுதான் நல்லவாடு கதையைச் சொன்னார். புதுச்சேரிக் கரையில் உள்ள ஊர் அது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் வைத்திருந்தது. அலை எவ்வளவு உயரம் என்று தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அந்த மையத்தில் முன்பு தன்னார்வலராக இருந்த இளைஞர் ஒருவர் 2004-ல் சிங்கப்பூரில் இருந்தார். டிசம்பர் 26 காலை டிவியில் செய்தி பார்த்ததும் ஊருக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அலை வருது, ஓடுங்க என்று மைக்கில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் இருந்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின, ஓர் உயிர் போகவில்லை.

"கதவை உடைச்சாங்க," என்று மெதுவாகத் திரும்பச் சொன்னார் நாட்டார். "நாம உடைக்க வேணாம். மூணு சாவி போடு."

ஒன்று தலைவரம்மாவிடம். ஒன்று அங்கன்வாடியில். மூன்றாவது யாரிடம்? மையத்துக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற கல்லூரிப் பெண்ணிடம், எச்சரிக்கைக் குழுவில் மைக் பிடிக்கிறவள். "சின்னப் பொண்ணுகிட்டயா?" என்றார் ஒருவர். "அவ வீடுதாங்க கிட்ட," என்றார் தலைவரம்மா. அவ்வளவுதான், முடிந்தது. வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

மறுநாள் ஒத்திகை பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சைரன் ஊதியது, சனம் நடந்தது, ரேஷன் கார்டும் ஆதாரும் படகுப் பதிவும் பிளாஸ்டிக் கவரில் இடுப்பில் செருகியபடி. மாடுகளைக் கயிறு அவிழ்த்துவிட்டார்கள். காயக்காரர்கள் பிரமாதமாகக் கத்தினார்கள். "நடக்க முடியுறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று முதலில் குரல் கொடுத்துப் பச்சை அட்டை மாட்டினாள் மாணவி; மீதியில் அவசரக்காரருக்குச் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள். நெற்றிக் காயத்துப் பையனுக்குப் பச்சை விழுந்ததில் அவனுக்கு ஏகப்பட்ட வருத்தம். அதிகாரிகள் பாராட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்கள் ஜீப் போனபிறகு நடந்ததுதான் விருந்து. மைய மாடியில் எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எது சொதப்பியது என்று பட்டியல் போட்டார்கள். எல்லா விசிலும் ஒரே சத்தம், எந்தக் குழு கூப்பிடுகிறது என்று தெரியவில்லை. ஆகவே மீட்புக் குழுவுக்கு மூன்று ஊதல், முதலுதவிக்கு இரண்டு. ஒரு குடும்பத்தை இரண்டு பேர் எண்ணியதால் தலைக்கணக்கு கூடிவிட்டது. மாடிப்படியில் சக்கர நாற்காலி திரும்பவில்லை. ஒருவர்கூட இன்னொருவர்மேல் பழி போடவில்லை, ஒருவர்கூட மழுப்பவில்லை. பெரிய அலுவலகங்களில்கூட நான் இப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை.

"எல்லாஞ் சரி," என்றார் கரிக்கொட்டை ஆயா. "வெயில் அடிக்கையில வந்து கூட்டிட்டுப் போறீங்க. எனக்குத்தான் பகல்ல கண்ணு தெரியுமே. கஜா எப்ப வந்துச்சு? ராத்திரியில."

ஒரு நொடி மாடி முழுக்க அமைதி. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்! அடுத்த ஒத்திகை ராத்திரியில், நிலா இல்லாத அமாவாசையில், தெரு விளக்கை நிறுத்திவிட்டு. மின்வாரியத்தில் சொல்லிவைக்க அலுவலர் ஒத்துக்கொண்டார். ஜெனரேட்டரும் போடக் கூடாது என்றாள் சாவிக்காரப் பெண். நாட்டார் சிரித்தேவிட்டார்.

"அப்ப டார்ச்சுக்கு பேட்டரி வாங்குங்கப்பா."

தலைவரம்மா நோட்டை விரித்து, கரிக்கொட்டை வீடுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். வீட்டுக்கு இரண்டு டார்ச் என்று கணக்குப் போட்டார்கள்.